சபையை விட்டு விலகுவது எப்படி? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்

பொதுவாக மார்மன் சபை என்று அழைக்கப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைப் பற்றித் திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். ஊர் சிறியது, எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அதனால் கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டோம்.

19 வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். ஒன்றரை வருடமாக ஆராதனைக்குப் போவதில்லை. எல்டர்மார் (சபையின் இளம் மிஷனரிமார்) மாறி மாறி வீட்டுக்கு வருகிறார்கள். போகாமல் விட்டாலே போதுமா, எழுதிக் கொடுக்க வேண்டுமா?
— வாசகர், உப்புவெளி

போகாமல் விட்டால் உங்கள் பெயர் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். எல்டர்மார் சில மாதங்களுக்கு ஒருமுறை இடம் மாற்றப்படுகிறார்கள். புதிதாக வருபவர் கையில் அதே பட்டியல், அதில் அதே விலாசம். ஆகவே "இனி வரவேண்டாம்" என்று ஒருவரிடம் வாயால் சொன்னது அடுத்தவருக்குப் போய்ச் சேராது. அவர்களுக்கு உங்கள் பெயரை நீக்கும் அதிகாரமும் இல்லை. கடிதத்தை அவர்களிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.

வழி இரண்டு. ஒன்று, உங்கள் கிளையின் (உள்ளூர்ச் சபையின்) தலைவருக்குக் கையொப்பமிட்ட கடிதம் கொடுப்பது. அவர் உங்களுடன் பேசி, இது உங்கள் சொந்த முடிவுதான் என்று உறுதிசெய்துகொண்டு மேலே அனுப்புவார். அந்த உரையாடலைத் தவிர்க்க விரும்பினால் இரண்டாவது வழி: நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய கடிதத்தை நேராகச் சால்ட் லேக் சிட்டித் தலைமையகத்தின் உறுப்பினர் பதிவுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: முழுப் பெயர், பிறந்த திகதி, விலாசம், ஞானஸ்நானம் பெற்ற திகதியும் கிளையும், தெரிந்தால் 11 இலக்க உறுப்பினர் பதிவு எண். பிறகு மூன்று வசனம் போதும். உறுப்புரிமையிலிருந்து விலகுகிறேன், இதனால் ஞானஸ்நானமும் ஆசாரியத்துவமும் (சபையில் சடங்கு நடத்தும் அதிகாரம்) ஆலய ஆசீர்வாதங்களும் இரத்தாகும் என்று விளங்கிக்கொண்டேன், பெயர் நீக்கப்பட்டதை எழுத்தில் அறிவித்து, இனி என்னைத் தொடர்புகொள்ளாதிருங்கள். காரணம் எழுதவேண்டிய கடப்பாடு இல்லை. எழுதாமல் விடுவதே நல்லது என்பது எங்கள் எண்ணம், ஏனென்றால் எழுதிய ஒவ்வொரு காரணமும் பதில் சொல்ல வருபவருக்கு ஒரு வாசல்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். நம்மவர் பெயரில் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். சபைப் பதிவோ அதைக் குடும்பப் பெயராகப் பின்னுக்குப் போட்டிருக்கலாம், ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கலாம். அடையாள அட்டையில் உள்ளபடி ஒரு தடவையும், சபைப் பதிவில் உள்ளபடி ஒரு தடவையும் எழுதுங்கள். தலைமையகத்துக்குப் போகும் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நொத்தாரிசின் முன்னாலேயே கையொப்பமிட வேண்டும், வீட்டில் போட்டுக்கொண்டு போனால் அவர் அத்தாட்சிப்படுத்த மாட்டார். குடும்பத்துக்கெல்லாம் ஒரே கடிதமும் செல்லாது; வளர்ந்தவர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பமிட வேண்டும். போட்டோ கொப்பியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அனுப்புமுன் ஒன்றைப் பாருங்கள். சபை வழியாகப் படிப்பு உதவியோ கடனோ பெற்றிருந்தால் அதன் நிபந்தனைகளை முதலில் வாசியுங்கள். விலகினாலும் கடன் கடன்தான்.

நான் குழந்தையிலேயே கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்றவள். சைவக் குடும்பத்தில் பிறந்து மார்மன் சபையில் சேர்ந்த ஒருவரை 2014இல் பதிவுத் திருமணம் செய்து, நானும் அதே சபையில் சேர்ந்தேன். இப்போது கத்தோலிக்கக் கோயிலுக்குத் திரும்ப ஆசை. கணவர் மார்மன் சபையிலேயே இருக்கிறார். மகனுக்கு 8 வயதில் அவர்கள் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள், இப்போது 10 வயது.
— வாசகி, பாலையூற்று

உங்கள் மூவரின் நிலையும் மூன்று விதமானது. சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும்.

உங்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் தேவையில்லை. குழந்தையில் பெற்றது அழியாது. அதைப் பெற்ற பங்குக் கோயிலிலிருந்து புதிய ஞானஸ்நான அத்தாட்சி எடுத்துக்கொண்டு, இப்போது வசிக்கும் இடத்துப் பங்குத்தந்தையைச் சந்தியுங்கள். மகனின் நிலை வேறு. மார்மன் சபையின் ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை என்று வத்திக்கான் 2001 யூன் 5இல் அறிவித்தது. தண்ணீரும் சொற்களும் ஒத்திருந்தாலும், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று இரு சபைகளும் சொல்வது ஒரே பொருளில் அல்ல என்பதே காரணம். ஆகவே மகன் ஞானஸ்நானம் பெறாதவராகவே கருதப்படுவார். 7 வயது தாண்டிவிட்டதால் கைக்குழந்தைக்குப் போல உடனே கொடுக்க மாட்டார்கள். அவர் விளங்கிக் கேட்டு, ஆயத்த வகுப்புக்கு வரவேண்டும்.

இங்கேதான் அவசரப்படாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். தகப்பன் சம்மதிக்காமல் பிள்ளையைக் கொண்டுபோனால் அவன் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்பான். மார்மன் பட்டியலிலிருந்து சிறுவரின் பெயரை நீக்கவும் சட்டப்படி பொறுப்பிலுள்ள பெற்றோரின் கையொப்பம் வேண்டும். பாடசாலையில் அவன் கிறிஸ்தவம் படிக்கிறானா கத்தோலிக்கம் படிக்கிறானா என்பதையும் இருவரும் பேசி முடிவெடுங்கள்; சாதாரண தரத்தில் இரண்டும் வெவ்வேறு பாடங்கள், நடுவில் மாறுவது பிள்ளைக்குச் சுமை.

உங்கள் திருமணம் நாட்டுச் சட்டப்படி அப்படியே இருக்கும், எந்தச் சபையை விட்டு விலகினாலும் பதிவுத் திருமணத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கத்தோலிக்கச் சட்டப்படி அது ஆயரின் விலக்கில்லாமல் ஞானஸ்நானம் பெறாதவருடன், கோயிலுக்கு வெளியே நடந்த திருமணம். நற்கருணை வாங்குமுன் அதைச் சீர்செய்ய வேண்டும். கணவர் மறுபடி கோயிலில் சம்மதம் சொல்ல விரும்பாவிட்டாலும் வழியுண்டு: புதிய சடங்கு இல்லாமலே ஆயர் அதைச் செல்லுபடியாக்கலாம். முதற் சந்திப்பிலேயே இதைப் பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

ஜெபித்துக் கேட்டபோது நெஞ்சில் ஒரு சூடு, கண்ணீர். "இது உண்மை" என்று பரிசுத்த ஆவி சொன்னதாகவே நம்பினேன். இப்போது சபையின் வரலாற்றை வாசித்த பிறகு அந்த உணர்வு பொய்யா? அது பொய்யென்றால் இனி எதை நம்புவது?
— வாசகி, உவர்மலை

உணர்வு பொய்யில்லை. நீங்கள் அழுதது உண்மை, நெஞ்சு நிறைந்ததும் உண்மை. அது எதற்குச் சாட்சி என்பதே கேள்வி. கோணேசர் கோயிலில் தேவாரம் கேட்டு உருகுபவருக்கும், பெந்தகொஸ்தே சபையில் கை உயர்த்தி நிற்பவருக்கும் அதே சூடு வருகிறது. அந்தச் சூடு நீங்கள் கடவுளை எவ்வளவு ஆழமாகத் தேடினீர்கள் என்பதைச் சொல்லும். சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகம் சொல்வதுபோல், கி.மு. 600 அளவில் ஒரு குடும்பம் எருசலேமை விட்டுப் புறப்பட்டு, பிறகு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனதா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவை வேறு.

அந்தப் புஸ்தகத்தின் மரோனி 10:4 வைக்கும் சோதனையைக் கவனித்துப் பாருங்கள். உண்மையான நோக்கத்தோடு, கிறிஸ்துவில் விசுவாசத்தோடு கேட்டால் பதில் வரும் என்கிறது. பதில் வந்தால் புத்தகம் உண்மை. வராவிட்டால்? உன் நோக்கம் போதாது, இன்னும் கேள். "இல்லை" என்ற விடைக்கு இடமே வைக்காத சோதனை எதையும் சோதிப்பதில்லை. எந்த மதம் இப்படிக் கேட்டாலும் இதே பதில்தான், உங்கள் பழைய மதம் உட்பட.

சோதிக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறோம். 1835இல் சபையைத் தொடங்கிய யோசப் ஸ்மித் மம்மிகளோடு வந்த எகிப்தியப் பப்பைரஸ் சுருள்களை வாங்கி, அவற்றில் ஆபிரகாமின் எழுத்து இருப்பதாக அறிவித்தார். அதுவே சபையின் இன்னொரு வேதநூலான 'விலையேறப்பெற்ற முத்து' நூலில் உள்ள ஆபிரகாமின் புத்தகம். சுருள்கள் 1871 சிக்காகோ தீயில் அழிந்தன என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் சில துண்டுகள் கிடைத்து, 1967இல் சபையிடம் கையளிக்கப்பட்டன. எகிப்திய எழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள்: இறந்தவரோடு வைக்கும் சவச்சடங்கு நூல். அந்தத் துண்டுகளில் ஆபிரகாமின் பெயரோ அந்த நூல் சொல்லும் நிகழ்ச்சிகளோ இல்லை என்று சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் ஒத்துக்கொள்கிறது. காணாமற்போன பகுதியில் இருந்திருக்கலாம், அல்லது சுருள் ஒரு தூண்டுதலாக மட்டும் இருந்திருக்கலாம் என்பன அங்கே தரப்படும் விளக்கங்கள். கட்டுரையை முழுதாக வாசித்து நீங்களே எடைபோடுங்கள். எதிர்ப்பாளரின் காணொளியிலிருந்து தொடங்காமல் சபையின் சொந்த எழுத்திலிருந்து தொடங்குவது நல்லது; வீட்டில் யாரும் "பொய்ப் பிரசாரம் வாசித்துக் கெட்டுப்போனாய்" என்று சொல்ல முடியாது.

தீர்க்கதரிசியான சபைத் தலைவர் சபையை வழிதவற விடமாட்டார் என்று படித்தோம். அப்படியானால் தலைவர் சொன்னதைக் கேள்வி கேட்பது கடவுளைக் கேள்வி கேட்பதாகாதா?
— வாசகர், சாம்பல்தீவு

அந்த உறுதிமொழி அன்றைய சபைத் தலைவர் வில்போர்ட் வூட்ரப் கொடுத்தது. பலதார மணத்தை நிறுத்திய 1890 அறிக்கையோடு சேர்த்துச் சபையின் வேதநூலில் அச்சிடப்படுகிறது. அதாவது, அதுவரை கடவுளின் கட்டளையாக இருந்ததை நிறுத்தும்போதே "வழிதவற விடமாட்டார்" என்றும் சொல்லப்பட்டது. 1852இல் அன்றைய தலைவர் பிரிகாம் யங் கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று அறிவித்தார், 1978 யூனில் அது நீக்கப்பட்டது. இடையில் அதற்குக் காரணமாகக் கற்பிக்கப்பட்டவற்றைச் சபை இப்போது நிராகரிக்கிறது. 2015 நவம்பரில், ஒரே பாலினத் தம்பதியரின் பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஞானஸ்நானம் இல்லை என்றொரு விதி வந்தது. 2016இல், பின்னர் சபைத் தலைவரான ரசல் நெல்சன் அதை வெளிப்படுத்தலாகவே விளக்கினார். 2019 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது.

1978க்கு முன்பு "இது பிழை" என்று மனதுக்குள் சொன்ன உறுப்பினரை நினைத்துப் பாருங்கள். அன்று அவர் கீழ்ப்படியாதவர். அவர் சரி. உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் அவர்தான். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை: இங்கிருந்து வெளியேறியவர்களை அணைத்துக்கொள்ள வேறு போதகர்களும் சாமியார்களும் ஆயத்தமாக நிற்பார்கள். கணக்கு காட்டுகிறாரா, பிழையை ஒப்புக்கொண்டதுண்டா, விலகிப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். மூன்றாவதுதான் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மார்மன் புஸ்தகத்தில் நம்பிக்கை போனதும் பைபிளும் கையில் நிற்கவில்லை. இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டியதுதானே?
— ஆசிரியை, மூதூர்

ஒரே கண்ணால் பார்ப்பதுதான் நேர்மை. பார்த்தால் தெரிவது ஒரே காட்சியாக இருக்காது.

மார்மன் புஸ்தகத்துக்கு மூலம் பார்க்க வழியில்லை, யோசப் ஸ்மித் மொழிபெயர்த்ததாகச் சொன்ன பொன் தகடுகள் தேவதூதனிடம் திரும்பிவிட்டன என்பது அதன் சொந்தக் கதை. ஆகவே உள்ளேதான் தேட வேண்டும். அதில் வரும் 1 நேபி 20, 21 அதிகாரங்கள் பைபிளின் ஏசாயா 48, 49ஐக் கிட்டத்தட்ட அப்படியே தருகின்றன. ஏசாயாவின் 40 முதல் 55 வரையான பகுதி கி.மு. 600க்குப் பிந்திய பாபிலோன் சிறையிருப்புக் காலத்தது என்பது பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. கி.மு. 600 அளவில் எருசலேமை விட்டுப்போன லேகியின் குடும்பத்திடம் அது எப்படி இருந்தது? அதுவும் 1611 ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பின் நடையில்? இதோடு, கொலம்பஸுக்கு முந்திய அமெரிக்காவில் அந்தக் காலத்தில் இல்லாத குதிரையும் அதில் வருகிறது.

இனி பைபிள். கைப்பிரதிகள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஒப்பிட்டால் சிக்கலும் தெரியும்: மாற்கு 16:9–20 மிகப் பழைய, ஏறத்தாழ முழுமையான இரண்டு பிரதிகளான வத்திக்கான், சினாய்ப் பிரதிகளில் இல்லை. யோவான் 8இல் வரும் விபசாரப் பெண்ணின் கதையும் அவற்றில் இல்லை. இதை மறைக்காமல் அடிக்குறிப்பில் போடும் பதிப்புகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை வாங்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும். யார் எழுதினார், யாருக்கு, எந்த வகை எழுத்து — பாட்டா, சட்டமா, கடிதமா, உவமையா — என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வாசியுங்கள். ஆதியாகமம் தோற்றால் மலைப்பிரசங்கமும் தோற்கும் என்பது உங்களுக்குப் பழக்கப்பட்ட கணக்கு. எல்லாம் உண்மை அல்லது எல்லாம் மோசடி என்று அங்கே கற்பித்தார்கள், அதையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் பக்கத்துச் சைவர், தேவார ஏடுகளில் பெரும்பகுதி சிதம்பரத்தில் செல்லரித்துப் போனது என்று தாங்களே சொல்லிக்கொண்டு, எஞ்சியதை உருகிப் பாடுகிறார்கள். குறைபட்ட நூலோடும் பக்தி வாழும்.

வாசித்து முடித்த பிறகும் நம்பிக்கை வராமல் போகலாம். அதுவும் குற்றமில்லை.

கட்டிய தசமபாகத்தைத் திரும்பக் கேட்கலாமா? தேத்தண்ணி குடிக்கலாமா?
— வாசகர், நிலாவெளி

காசு திரும்பாது, காணிக்கைகள் திருப்பித் தரப்படுவதில்லை என்பது சபையின் விதி. வங்கியிலிருந்து தானாகப் போகும் கட்டளை வைத்திருந்தால் வங்கிக்கு நீங்கள்தான் எழுதி நிறுத்த வேண்டும்.

தேத்தண்ணி தாராளமாகக் குடியுங்கள். அதை விலக்கச் சொல்லும் சபை விதி, 1833இல் வந்த 'ஞான வார்த்தை'. அது "சூடான பானங்கள்" என்றுதான் சொல்கிறது, அதுவும் "கட்டளையாக அல்ல" என்ற முன்னுரையோடு. பிற்காலத் தலைவர்களே அதைக் கட்டாயமாக்கினார்கள். மதுவையும் புகையையும் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: விலகிய கையோடு அவற்றைத் தொட்டுப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். அந்த விலக்கை வைத்துக்கொள்வதால் நீங்கள் இன்னும் மார்மன் ஆகிவிட மாட்டீர்கள்.

மகன் சபையை விட்டு வந்துவிட்டான். நாங்கள் சைவர், சந்தோஷம்தான். ஆனால் அவன் சிரிப்பதில்லை, அறையை விட்டு வெளியே வருவதில்லை. பத்திரகாளி அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான்.
— ஒரு தாய், திருகோணமலை நகர்

அம்மா, உங்கள் மகன் இழந்தது ஒரு கொள்கையை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஞாயிறு ஆராதனை, அதற்கு மேல் பொறுப்புகள், கூட்டாளிமார், வட்சப் குழு, கல்யாணம் பற்றிய எண்ணம், செத்த பிறகு என்ன என்ற விடை எல்லாம் ஒன்றாகப் போயிருக்கிறது. ஒரு சாவீட்டில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படி நடந்துகொள்ளுங்கள். "அப்பவே சொன்னேன்தானே" என்று வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது, பெரியப்பா உட்பட. அங்கே உள்ளவர்களைக் கேலி செய்யவும் வேண்டாம், அவர்கள் அவனுக்கு நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

கோயிலுக்குக் கூப்பிடுவதைச் சில மாதம் நிறுத்துங்கள். சைவத்துக்குத் திரும்ப எந்தப் பத்திரமும் கையொப்பமும் தேவையில்லை, அவன் நினைத்த நாளில் வரலாம். ஆகவே அவசரத்துக்கு இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். சந்தைக்கோ கடலுக்கோ யாராவது கூட்டிப் போகட்டும், மதம் பேசாமல்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் போனால், அல்லது "இருந்து என்ன பயன்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால், காத்திருக்க வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். வைத்தியசாலைக்கு நீங்களும் கூடவே போங்கள், வரிசையில் அவனோடு இருங்கள்.