கொல்லையில் விறகுக் கோலம்

கேள்வி: தோப்பில் சாய்ந்த முந்திரி மரத்தையும் கொஞ்சம் சவுக்கையும் வெட்டிக் கொல்லையில் குவித்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்பு, பார்வைக்கும் அழகாக இருக்கும்படி இவற்றை அடுக்க வழி உண்டா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: இரண்டையும் கலக்காதீர்கள். நேரான சவுக்குக் கட்டைகளை ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் வைத்து இரு முனைகளிலும் சதுரத் தூண்கள் எழுப்பினால், நடுவில் அடுக்குவது முட்டுக்கொடுக்காமலே நிற்கும். கோணலும் முண்டுமான முந்திரிக்கு ஜெர்மானியர் வழக்கமான வட்டக் குவியலே பொருத்தம்: பிளந்த கட்டைகளை வெட்டுமுகம் வெளியே தெரியும்படி சுற்றி வைத்து, உள்ளே சிறு துண்டுகளை இட்டு, உச்சியில் பட்டை மேலிருக்குமாறு கூரைபோல் சரித்து மூடினால் மழைநீர் வழிந்துவிடும். வெட்டுமுகங்களில் பெரிதும் சிறிதுமாகத் தேர்ந்து புள்ளிக்கோலம் அமைக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். நம்மைவிட அவர்களுக்குப் பொறுமை அதிகம்.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் விழுந்த முந்திரியை வெறுந்தரையில் குவித்தவர்கள், அடிக்கட்டைகளைக் கரையானுக்குக் கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். ஆகவே அடியில் செங்கல் பரப்பி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மார்பு உயரத்துக்கு மிகாமல் அடுக்குங்கள். தார்ப்பாயால் மேற்புறத்தை மட்டும் மூடுங்கள்; பக்கங்களையும் மூடினால் பூஞ்சை பிடிக்கும். தேள் ஒண்டியிருக்கக்கூடும் என்பதால், கழியால் தட்டிவிட்டு விறகை எடுங்கள்.