உச்சியில் வைத்த விளக்கு

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் கேப் பாயிண்ட் போய் வந்தோம். இந்தியப் பெருங்கடலும் அட்லாண்டிக்கும் சேரும் அந்த முனையில், அவ்வளவு உயரத்தில் கட்டிய கலங்கரை விளக்கத்தை ஏன் அணைத்துவிட்டார்கள்? பராமரிப்பு போதவில்லையா?

பதில்: அணைத்ததற்குக் காரணமே நீங்கள் வியக்கும் அந்த உயரம்தான். 1860-இல் ஏற்றிய விளக்கு அது. வார்ப்பிரும்புக் கோபுரம் சின்னதுதான், ஆனால் அதை நிறுத்திய பாறை கடலிலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர். அந்த உயரத்தில் வருடத்துக்குச் சராசரியாக 900 மணி நேரம் விளக்கை மூடுபனி விழுங்கிவிடும். மேலே எரிந்துகொண்டுதான் இருக்கும், கீழே கப்பலில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வானம் தெளிவாக இருந்தால் வேறு வம்பு. மேற்கிலிருந்து வரும் கப்பல்களுக்கு வெளிச்சம் ரொம்பச் சீக்கிரமே தெரிந்துவிட, அதை நம்பிக் கரையை ஒட்டி வந்துவிடுவார்கள். 1911 ஏப்ரல் 18 இரவு, லூசிட்டானியா என்ற போர்ச்சுகீசியப் பயணிக் கப்பல் (1915-இல் ஜெர்மானியர் மூழ்கடித்தது அதே பெயருள்ள பிரிட்டிஷ் கப்பல்) முனைக்கு வெளியே பெல்லோஸ் பாறையில் மோதியது. அப்புறம்தான் கீழே, வெறும் 87 மீட்டரில், இன்னொரு விளக்கு கட்டி 1919-இல் ஏற்றினார்கள். இன்றும் வேலை செய்வது அதுதான். அதனால் பராமரிப்பைக் குறை சொல்ல வேண்டாம், இடம் பார்த்தவர்களைச் சொல்லுங்கள். எதைக் கட்டினாலும் ஊருக்கே தெரிகிற மாதிரி உயரத்தில் கட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு எப்போதுமே எரிச்சல். கலங்கரை விளக்கத்துக்கு இடம் தேடுகிறவர் கப்பலின் மேல்தட்டில் நின்று பார்க்க வேண்டும், மலையுச்சியில் நின்று அல்ல.

சரி, 'இரண்டு கடலும் சேரும்' என்று நீங்களும் எழுதிவிட்டீர்கள். இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை சொன்னாலும் இது ஓயமாட்டேன் என்கிறது. கடல்களுக்கு இடையே முறைப்படி வகுத்த எல்லை கேப் பாயிண்டில் இல்லை, தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி அகுல்யாஸ் முனையில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்கோடியும் அதுதான். அங்கே 1849-இல் ஏற்றிய விளக்கு ஒன்று உண்டு, ஆனால் சுற்றுலாக் கூட்டமெல்லாம் கேப் பாயிண்டுக்குத்தான்.

போனதுதான் போனீர்கள், இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் நிலையத்தின் மிச்சத்தைப் பார்த்தீர்களா? பழைய விளக்கிலிருந்து முகடு வழியாகப் போகும் நடைபாதையில் இருக்கிறது. அதே பாதையின் கடைசியில் நின்று கீழே எட்டிப் பார்த்தால் 1919-இன் குட்டையான சதுரக் கோபுரம் தெரியும். பலர் உச்சியில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.