கடைசி ஸ்லைடில் ஒளிந்த ஆதாரம் – கடிதம்

வணக்கம் ஐயா,

சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் இரண்டாம் ஆண்டு மாணவி நான். தென்சென்னை ஏரிகளும் 2015 வெள்ளமும் என் தலைப்பு. போன மாதம் ஒரு கருத்தரங்கில் பதினைந்து நிமிடம் கட்டுரை வாசித்தேன். மொத்தம் 34 ஸ்லைடு. கடைசி இரண்டில் நாற்பதுக்கு மேற்பட்ட மேற்கோள் நூல்களை முறைப்படி கொடுத்திருந்தேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர், "டிசம்பர் 1 மழை என்று ஆறாவது ஸ்லைடில் 29 செ.மீ. போட்டிருக்கிறீர்கள், பதினொன்றாவதில் 49 செ.மீ. போட்டிருக்கிறீர்கள். எது சரி?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப்போனது. எனக்கு அடுத்துப் பேசிய மாணவர் ஓர் ஆதாரம்கூடக் காட்டவில்லை. ஒரு வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய கதையைச் சொன்னார், அரங்கமே கைதட்டியது. "உன்கிட்ட சரக்கு இருக்கு, ஆனா கேட்கிறவங்க நம்பற மாதிரி சொல்லலை" என்றார் என் நெறியாளர். பேசும்போது ஆதாரங்களை விட்டுவிடலாமா? கட்டுரையில் மட்டும் இருந்தால் போதாதா? அடுத்த மாதம் மறுபடி பேச வேண்டும்.

பி.கு.: தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் ஓர் அம்மாவிடம் எடுத்த பேட்டி என்னிடம் இருக்கிறது. அன்று இரவு தண்ணீர் ஸ்விட்ச்போர்டு உயரத்துக்கு வந்ததை, சுவரில் இருந்த கறையைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். இதெல்லாம் ஆதாரமாகுமா என்ற சந்தேகத்தில் சேர்க்கவில்லை. சேர்ப்பதென்றால் எங்கே வைப்பது?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விடாதீர்கள். நீங்கள் ஆதாரம் காட்டியதால் பேச்சு கெடவில்லை. ஆதாரம் உங்கள் பேச்சுக்குள் வரவே இல்லை. நாற்பது நூல்களையும் கடைசி இரண்டு ஸ்லைடில் பூட்டி வைத்துவிட்டு, பதினைந்து நிமிடமும் அவற்றின் துணை இல்லாமல் தனியாகப் பேசியிருக்கிறீர்கள்.

அந்த 29, 49 விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் சரியான எண்கள்தான். 29 செ.மீ. நுங்கம்பாக்கத்தில் பதிவானது, 49 செ.மீ. தாம்பரத்தில் பதிவானது. வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையைக் காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை கணக்கிடுகிறது. ஆகவே நாம் 'டிசம்பர் 1 மழை' என்று சொல்வது டிசம்பர் 2 காலை எட்டரைக்கு எடுத்த கணக்கு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் ஸ்லைடில் இரண்டு இடத்திலும் 'சென்னை மழை' என்று மட்டும் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரிசை எண் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 34-வது ஸ்லைடுக்கு யார் போவார்கள்? கேட்பவர் போகமாட்டார். பதற்றத்தில் நிற்கும் நீங்களும் போக முடியாது.

இதையே இப்படிச் சொல்லியிருந்தால்? "2015 டிசம்பர் 2 காலை எட்டரைக்கு வானிலை ஆய்வு மையம் எடுத்த கணக்கு இது. அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49." சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள். நுங்கம்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தாம்பரம் வந்துவிடும். அந்தத் தூரத்துக்குள் ஒரே நாளில் இருபது சென்டிமீட்டர் வித்தியாசம். உங்களைத் தடுமாற வைத்த கேள்வி இப்போது உங்கள் வாதமாக மாறிவிட்டதைப் பாருங்கள். நகரத்தின் நடுவில் இருக்கும் மழைமானியை வைத்து அடையாற்று வெள்ளத்தைப் பேச முடியாது, ஆற்றுக்குத் தண்ணீர் தரும் தென்மேற்குப் புறநகரில் என்ன பெய்தது என்று பார்க்க வேண்டும் என்று நீங்கள் தனியாக விளக்கத் தேவையே இல்லை. யார் அளந்தது, எங்கே, எந்த நேரம் என்று சொன்னதுமே அது கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மூலத்தை வாயால் சொல்லுங்கள், அந்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருஷத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் ஒரு சின்னக் கூட்டத்தில் மாம்பலம் ஏரியைப் பற்றிப் பேசினேன். இன்றைய தியாகராய நகர் அந்த ஏரியைத் தூர்த்து எழுந்த பகுதி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, ஏரி போய் நூறு வருஷம் ஆகிறது. ஏரி தூர்க்கப்பட்டது இன்ன வருஷம் என்று ஒரு வருஷத்தைத் திடமாகச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, அந்த அரசாணையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். "எல்லாரும் எழுதியிருக்காங்க ஐயா" என்றேன். "எல்லாரும்னா யாரு?" என்றார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் படித்தது ஒரே ஒரு கட்டுரை, அதை எழுதியவரும் இன்னொருவரைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார். அடுத்த வாரமே எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நானே பார்த்ததை 'பார்த்தேன்' என்று சொல்வேன். பிறர் நூலில் படித்ததை, இன்னார் எடுத்துக்காட்டியபடி என்றுதான் சொல்வேன்.

உங்கள் தலைப்பில் இந்த இடத்தில் வழுக்கி விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது. வெள்ளம் பற்றி அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி தந்த அறிக்கை 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது என்ன சொல்கிறது என்று செய்தித்தாள் எழுதியதைப் படித்துவிட்டு, மேற்கோள் பட்டியலில் 'சிஏஜி அறிக்கை' என்று போட்ட கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். அறிக்கையே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்து பத்தி எண்ணோடு எடுத்தால் அரை நாள் வேலை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இப்படித்தான். 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு 1,247.54 ஹெக்டேர் என்று பதிவானது. அது அந்தத் தளத்துக்கு வரைந்த எல்லையின் அளவு. ஒரு காலத்தில் சதுப்பு நிலம் எவ்வளவு பரந்திருந்தது என்பது வேறு கணக்கு. கட்டுரைக்குக் கட்டுரை கை மாறி வரும் அந்தப் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள். ஒரு வரைபடத்திலோ அளவைப் பதிவிலோ போய் நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கவில்லையென்றால் உங்கள் வாதத்தின் கனத்தை அதன் மேல் ஏற்றாதீர்கள்.

மேற்கோள் காட்டுவது ஏதோ வெளியிலிருந்து வந்த சடங்கு என்று மாணவர்கள் சிலர் நினைக்கிறார்கள். தொல்காப்பியர் வரிக்கு வரி 'என்மனார் புலவர்', அதாவது புலவர்கள் இப்படிச் சொல்வார்கள் என்றார். தனக்கு முன்னால் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறைக்காத குரல் அது. ஆனால் யார், எந்த நூலில் என்பது விட்டுப்போனால் பின்னால் வருபவர் படும் பாட்டையும் நாம் அறிவோம். சீவக சிந்தாமணிக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் 'என்றார் பிறரும்' என்று மட்டும் சொல்லி வரிகளை எடுத்துக்காட்டிக்கொண்டே போகிறார். அந்தப் பிறர் யார் என்று தேடி, அதைப் பதிப்பித்த உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளைப் புரட்டினார். அந்த உழைப்போடு 1887-இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. ஒரு நூலின் பெயர் சொல்லாமல் விட்டதற்கு இன்னொருவர் தன் வாழ்நாளில் எத்தனை மாதங்களைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

இந்தக் காலத்தில் மேற்கோள் என்றாலே பயமாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆதாரம் காட்டி எடுத்த மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. இதனால் மென்பொருளிடமிருந்து தப்பிக்கத்தான் மேற்கோள் என்ற எண்ணம் வந்துவிட்டது. உங்கள் நாற்பது நூல்கள் கடைசி ஸ்லைடுக்குப் போனதற்கும் இந்தப் பயம் ஒரு காரணமாக இருக்கலாம். அரங்கில் உட்கார்ந்திருப்பவர் மென்பொருள் இல்லை. 'இதை நான் எப்படி நம்புவது?' என்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். அப்புறம் இன்னொன்று. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகள் அசல் போலவே வருகின்றன. ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் அடையாளமான டிஓஐ எண்ணைச் சொடுக்கித் திறந்து, கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அடுத்து கைதட்டல் வாங்கிய அந்த மாணவர். அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. ஒரு வீட்டிலிருந்து தொடங்கினார், ஒன்றை மட்டும் சொன்னார், கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். மூன்றும் உங்களிடம் இருந்திருக்க வேண்டியவை. பதினைந்து நிமிடத்தில் 34 ஸ்லைடு என்றால் ஒன்றுக்கு அரை நிமிடம்கூட இல்லை. ஒன்பதோ பத்தோ வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்லைடில் எண் வருகிறதோ, அதன் அடியிலேயே யாருடையது, எந்த வருஷம், எந்தப் பக்கம் என்று கடைசி வரிசைக்குத் தெரியும் அளவில் போடுங்கள். ஆவணம் இருந்தால் அதைப் பற்றிய குறிப்புக்குப் பதிலாக அந்தப் பக்கத்தின் படத்தையே காட்டி, வேண்டிய வரிக்கு மட்டும் கோடிடுங்கள். பழுப்பேறிய தாளும் முத்திரையும் திரையில் வந்தால் அரங்கு தானாக நிமிர்ந்து உட்காரும். முழுப் பட்டியலை ஒரு தாளில் இருபுறமும் ஜெராக்ஸ் எடுத்து, பேசத் தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் குறிப்பெடுக்கும் நாளிலேயே கை பழக வேண்டும். கன்னிமாரா நூலகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ உட்கார்ந்தால், வரியை எழுதுவதற்கு முன்னால் இடது ஓரத்தில் பக்க எண்ணை எழுதிவிடுங்கள். படமெடுக்க அனுமதி இருந்தால் முதல் படம் முகப்புப் பக்கமாகவே இருக்கட்டும். பழைய தமிழ் நூல்களில் 'விரோதி வருஷம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1889-ஆகவும் இருக்கலாம், 1949-ஆகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், முன்னுரையில் ஒரு தேதி என்று ஏதாவது அந்தப் பக்கங்களில்தான் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது, தவறென்றால் மன்னியுங்கள். ஏரிகளை ஆக்கிரமித்ததால்தான் வெள்ளம் என்பது உங்கள் வாதமென்றால், 49 செ.மீ. உங்களுக்குச் சங்கடமான எண். அவ்வளவு மழைக்கு எந்த ஏரிதான் தாங்கும் என்று ஒருவர் கேட்பார். அதனால்தான் வேகமாகக் கடந்து போனீர்களோ? கடக்காதீர்கள். "இவ்வளவு மழைக்கு ஏரிகள் இருந்திருந்தாலும் வெள்ளம் வந்திருக்கும் என்பவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் ஆதாரம் இது" என்று நீங்களே முதலில் திரையில் போடுங்கள். அதற்குப் பிறகு, எவ்வளவு உயரத்துக்கு வந்தது, எங்கே வந்தது, எத்தனை நாள் நின்றது என்பதில் ஏரிகளின் பங்கைப் பேசுங்கள். தனக்கு எதிரான சான்றை நேர்மையாக வைக்கிறவர் அடுத்துச் சொல்வதைக் கேட்க எவரும் காது கொடுப்பார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் கையில் இல்லையென்றால், "அந்தப் பக்கம் இப்போது என்னிடம் இல்லை, மாலைக்குள் அனுப்புகிறேன்" என்று சொல்லி, மாலைக்குள் அனுப்பிவிடுங்கள்.

முடிச்சூர் அம்மாவுக்கு வருகிறேன். அது ஆதாரமேதான். பேட்டி எடுத்த தேதி, இடம், ஆற்றிலிருந்து வீடு எவ்வளவு தூரம், அவருடைய சம்மதம் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். பெயரை மாற்றினால் மாற்றியிருப்பதாகச் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு டேப் எடுத்துப் போய், தரையிலிருந்து கறை எத்தனை அடி என்று அளந்து, டேப்போடு சேர்த்துப் படமெடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கிறது. 'எல்லாம் செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால்' என்று நம்பிக்கொண்டு அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சுவர்க்கறை சொல்லும் சேதியை எந்த நூலும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதல் ஸ்லைடில்.

அன்புடன்