விண்ணப்பப் பக்கம் எங்கே போயிற்று? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நான் பார்வையற்ற கல்லூரி மாணவி. திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் என்விடிஏ திரைவாசிப்பானின் துணையோடு மடிக்கணினியைப் பயன்படுத்துகிறேன். குரோம் உலாவியில் ஒரு வேலைவாய்ப்பு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, நடுவில் ‘விதிமுறைகள்’ என்ற இணைப்பைத் திறந்து படித்தேன். பிறகு ஆல்ட் விசையுடன் இடது அம்பை எத்தனை முறை அழுத்தியும் விண்ணப்பத்துக்குத் திரும்ப முடியவில்லை. டேப் விசையையும் அழுத்திப் பார்த்தேன். இணைப்புகளை மட்டுமே வாசித்தது. எல்லாம் அழிந்துவிட்டது என்று எண்ணி, ஆல்ட்டுடன் எஃப்4 அழுத்தி மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். என் தவறு எது? – வாசகி, பாலக்கோடு.

பதில்: தங்கள் விண்ணப்பம் அழியவில்லை. எஃப்4 அழுத்திய நொடிவரை அது பக்கத்து டேப்பில், தாங்கள் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. அந்த ‘விதிமுறைகள்’ இணைப்பு புதிய டேப்பில் திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பும் வரலாறு ஒவ்வொரு டேப்புக்கும் தனித்தனியானது. புதிதாகத் திறந்த டேப்புக்கு அப்படி ஒரு வரலாறே இல்லாததால், ஆல்ட்டும் இடது அம்பும் அங்கே எதையும் செய்ய இயலாது. பார்வையுள்ளவருக்கு மேலே இன்னொரு டேப் முளைத்திருப்பது கண்ணில் படும். நமக்கோ புதிய பக்கத்தின் தலைப்பு மட்டும் காதில் விழுகிறது; வேறு டேப்புக்கு வந்துவிட்டோம் என்பதை அந்தத் தலைப்பு உணர்த்துவதில்லை. ஆகவே இதைத் தங்கள் தவறு என்று நான் சொல்லமாட்டேன். இணைப்பு புதிய டேப்பில் திறக்கும் என்று அதன் பெயரிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுவது தளத்தை அமைப்பவர் கடமை என்பதே என் உறுதியான கருத்து.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், ‘டேப்’ என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களைச் சுமப்பது. விசைப்பலகையின் இடது ஓரத்தில் உள்ள டேப் விசை, பக்கத்துக்குள் இருக்கும் இணைப்பு, பொத்தான், எழுதும் கட்டம் ஆகியவற்றுக்கிடையே நகர்த்துகிறது. உலாவியில் அடுத்தடுத்துத் திறந்து கிடக்கும் பக்கங்களையும் நாம் டேப் என்றே அழைக்கிறோம். தமிழில் சிலர் இதைத் தாவல் என்றும் சிலர் கீற்று என்றும் எழுதுகிறார்கள். பேச்சில் எதுவும் நிலைக்காததால் குழப்பம் தொடர்கிறது. தருமபுரியில் நான் கணினி சொல்லிக்கொடுத்த பென்னாகரத்து மாணவர் ஒருவர், அடுத்த டேப்புக்குப் போகுமாறு நான் கேட்டதும், டேப் விசையை நாற்பது முறைக்குமேல் தட்டினார். ‘இணைப்பு, இணைப்பு, பொத்தான், இணைப்பு’ என்று என்விடிஏ சொல்லிக்கொண்டே போனது. அவருடைய இடது கையை எடுத்து, சுண்டுவிரலைக் கண்ட்ரோல் விசையின்மேல் வைத்து, அதை விடாமல் டேப்பை ஒருமுறை தட்டச் சொன்னேன். அடுத்த பக்கத்தின் தலைப்பு ஒலித்தபோது, ‘இவ்வளவுதானா ஐயா?’ என்றார்.

குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோலும் டேப்பும் அடுத்த டேப்புக்கும், அவற்றுடன் ஷிஃப்டும் சேர்ந்தால் முந்தைய டேப்புக்கும் அழைத்துச் செல்லும். பயர்பாக்ஸில் அமைப்பைப் பொறுத்து இது கடைசியாகப் பார்த்த வரிசையில் செல்லக்கூடும் என்பதால், அங்கே கண்ட்ரோலுடன் பேஜ் டவுன் அழுத்துவது நம்பத்தக்கது. இவற்றைவிட எனக்குப் பிடித்தது எண் விசைகள்தான். கண்ட்ரோலுடன் 1 அழுத்தினால் முதல் டேப், 2 அழுத்தினால் இரண்டாவது என 8 வரை செல்லும். 9 மட்டும், எத்தனை டேப்கள் இருந்தாலும் கடைசி டேப்புக்குக் கொண்டுபோகும். விண்ணப்பத்தை எப்போதும் முதல் டேப்பில் திறந்துகொள்ளுங்கள். பிறகு எங்கே அலைந்தாலும் கண்ட்ரோலும் 1-உம் தங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். கண்ணால் பார்க்கிறவர் முப்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பார்வையில் வேண்டியதைக் கண்டுபிடிப்பார். காதால் கேட்கிற நாம் அந்த வரிசை முழுவதையும் நினைவில் சுமக்க வேண்டியிருப்பதால், ஐந்துக்குமேல் திறந்து வைப்பதில்லை என்று நான் பழகிக்கொண்டேன்.

ஆனாலும் எதை அழுத்துவதற்கும் முன்பு, நிற்கும் இடத்தைக் கேட்டறிய வேண்டும். இன்சர்ட் விசையுடன், டைட்டில் என்ற சொல்லின் முதல் எழுத்தான டி-யை அழுத்தினால் இப்போதைய பக்கத்தின் தலைப்பை என்விடிஏ சொல்லும். மடிக்கணினியில் இன்சர்ட் விசை எட்டாத இடத்தில் இருந்தால், என்விடிஏ அமைப்புகளில் கேப்ஸ் லாக்கையே அதற்குப் பதிலாக ஆக்கிக்கொள்ளலாம். சில தளங்களில் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே தலைப்பை வைத்துவிடுகிறார்கள். 2008-இல் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.0 என்ற இணைய அணுகல் நெறிமுறை, பக்கத்தின் பொருளை உணர்த்தும் தலைப்பு வேண்டும் என்பதை அடிப்படை நிலையிலேயே வைத்திருந்தும் இந்த நிலை மாறாதது எனக்கு மிகுந்த வருத்தம். அத்தகைய பக்கத்தில் 1 என்ற விசையைத் தனியாக அழுத்தினால் பக்கத்துக்குள் எழுதியிருக்கும் முதல்நிலைத் தலைப்புக்குச் செல்லும். எங்கே இருக்கிறோம் என்பது பெரும்பாலும் அதிலிருந்து விளங்கிவிடும். எழுதும் கட்டத்துக்குள் நிற்கும்போது மட்டும் இது வேலை செய்யாமல், கட்டத்தில் 1 என்று பதிவாகிவிடும். முதலில் இன்சர்ட்டுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தி வாசிக்கும் நிலைக்கு வாருங்கள்.

மூடும்போதும் வேறுபாடு உண்டு. கண்ட்ரோலும் டபிள்யூவும் ஒரு டேப்பை மட்டும் மூடும். ஆல்ட்டும் எஃப்4-உம் அந்த விண்டோவையே அதிலுள்ள அத்தனை டேப்களோடும் மூடிவிடும். அவசரத்தில் ஒரு டேப்பை மூடிவிட்டால் உடனே கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டுடனும் அதே டி-யை அழுத்துங்கள். மூடிய டேப் திரும்ப வரும். பக்கம் திரும்பினாலும் தட்டச்சு செய்தவை திரும்புவது உறுதியில்லை. நானும் ஒருமுறை மூன்று பக்கப் படிவத்தை இப்படி இழந்து, அன்றிரவு முழுவதும் மீண்டும் நிரப்பினேன். அதிலிருந்து நீண்ட விடைகளை முதலில் நோட்பேடில் எழுதிச் சேமித்து, பிறகே படிவத்தில் ஒட்டுகிறேன். தாங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

கேள்வி: என் தம்பி பார்வையற்றவர். எட்ஜ் உலாவியில் நான்கு டேப்களும் வேர்டில் ஒரு கோப்பும் திறந்திருக்கும்போது ஆல்ட்டும் டேப்பும் அழுத்தினால், ஒரு நேரம் வேர்டும் ஒரு நேரம் வேறொரு இணையப் பக்கமும் வருகிறது. கணினியில் பழுதா? – வாசகர், ஊத்தங்கரை.

பதில்: பழுது இல்லை. ஆல்ட்டும் டேப்பும் விண்டோக்களுக்கிடையே நகர்வதற்கானவை. ஆயினும் 2020-இல் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தலிலிருந்து, எட்ஜின் டேப்களும் தனித்தனி விண்டோக்களைப்போல அந்த வரிசையில் சேர்க்கப்படுகின்றன. அந்த வரிசையும் கடைசியாகப் பயன்படுத்தியது முதலில் வரும் வகையில் மாறிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் மல்டிடாஸ்க்கிங் என்ற பகுதிக்குச் சென்று, டேப்களைக் காட்டவேண்டாம் என்ற தெரிவைத் தேர்ந்துவிட்டால் எட்ஜ் முழுவதும் ஒரே விண்டோவாக ஒலிக்கும். மேலும், ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி டேப்பை ஒவ்வொன்றாகத் தட்டி, சொல்லும் பெயரைக் கேட்ட பிறகே ஆல்ட்டிலிருந்து விரலை எடுக்குமாறு தம்பியிடம் சொல்லுங்கள். பெயரைக் கேட்குமுன் விரலை எடுத்துவிடுவதாலேயே பெரும்பாலானோர் தவறான இடத்துக்குச் செல்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பார்வையற்ற மாணவன் ஒருவனுக்கு இணையம் கற்றுத்தர விரும்புகிறேன். எனக்குத் திரைவாசிப்பானில் பழக்கமில்லை. அதன் வேகமான பேச்சும் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? – ஆசிரியை, அரூர்.

பதில்: என்விடிஏ கட்டணமில்லாதது, முதலில் அதைத் தங்கள் கணினியிலும் நிறுவிக்கொள்ளுங்கள். இன்சர்ட்டுடன் என் என்ற எழுத்தை அழுத்தினால் அதன் பட்டியல் திறக்கும். அங்கே கருவிகள் பகுதியில் ஸ்பீச் வியூவர் என்பதைத் தேர்ந்தால், அது பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாகவும் வரும். மாணவன் கேட்பதைத் தாங்கள் படித்துத் தொடரலாம். மூன்று டேப்களை மட்டும் திறந்து, தலைப்பைக் கேட்பது, அடுத்ததற்குப் போவது, முதலாவதற்குத் திரும்புவது என்ற மூன்றையே முதல் வாரம் முழுவதும் பழக்குங்கள். அவன் வழி தவறும்போது தாங்கள் மவுஸால் திருத்திக்கொடுக்க வேண்டாம், அம்மா. ‘இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறாய், கேட்டுச் சொல்’ என்று மட்டும் சொல்லி, அவன் விரல்கள் இன்சர்ட்டைத் தேடி எடுக்கும்வரை பொறுத்திருங்கள்.