நீர் ஒட்டாத பரப்பில் துளி உருளுகிறதா, வழுக்குகிறதா?

நீர் ஒட்டாத பூச்சு பூசிய தகட்டில் தண்ணீர் முத்து மாதிரி ஓடுகிறதே, அது உருளுகிறதா வழுக்குகிறதா, நம் வீட்டு நான்ஸ்டிக் தவாவில் மட்டும் ஏன் அப்படி ஓடுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

தவாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆறிய தவாவில் சின்னதாக ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பாருங்கள். குவிந்துதான் நிற்கும், ஆனால் நன்றாகச் சாய்த்தாலும் இடத்தை விட்டு நகராது. (சூடான தோசைக்கல்லில் துளி ஓடுவது வேறு கதை, அது தன் ஆவியின் மேலேயே மிதக்கிறது.) தவாவில் பூசியிருக்கும் டெஃப்லான் வழவழப்பாக இருக்கும்போது துளியின் சேர்கோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு துளிக்குள் பக்கமாக ஏற்படுத்தும் கோணம், 110, 120 டிகிரிக்கு மேல் போகாது. துளி கிட்டத்தட்ட முழு உருண்டையாக நிற்க அந்தக் கோணம் 150ஐத் தாண்ட வேண்டும், அதற்குப் பரப்பு கரடுமுரடாக இருக்கவேண்டும். தாமரை இலை அப்படித்தான், நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய மெழுகுக் குழாய்கள். துளி மேட்டு நுனிகளில் மட்டும் உட்கார்கிறது, அடியில் பெரும்பகுதி காற்றுதான். இந்த நிலையை 1944லேயே கேஸி, பாக்ஸ்டர் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்காக எழுதிவிட்டார்கள், இலைகளைப் பற்றி பார்த்லாட், நைன்ஹுய்ஸ் என்ற தாவரவியலாளர்கள் எழுதிய கட்டுரை வந்தது 1997ல்.

ஆனால் உருண்டையாக நின்றால் ஓடிவிடும் என்று நினைக்காதீர்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ரோஜா இதழில் துளி கிட்டத்தட்ட உருண்டையாகவே நிற்கும், இதழைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழாது. பார்க்கவேண்டியது துளியின் முன் விளிம்புக் கோணத்துக்கும் பின் விளிம்புக் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. சாய்க்கும்போது முன்பக்கம் முன்னேறப் பார்க்கும், பின்பக்கம் பிடித்த இடத்தை விடாது. அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் துளி தொங்கும், சில டிகிரிக்குள் இருந்தால் லேசான சாய்வுக்கே கிளம்பிவிடும்.

சரி, கிளம்பியபின்? நல்ல பரப்பில் சின்னத் துளி உருளத்தான் செய்கிறது. கிளிசரின் மாதிரி கெட்டியான திரவத்தில் சின்னத் துளி பெரிய துளியை முந்தும், இதை மகாதேவன், போமோ என்ற இரு ஆய்வாளர்கள் 1999ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். துளி சிறுத்தால் எடை குறையும், ஆனால் தரையைத் தொடும் வட்டம் அதைவிட வேகமாகச் சுருங்கிவிடும், இழுத்துப் பிடிக்கும் உராய்வெல்லாம் அந்த வட்டத்தை ஒட்டித்தான். பெரிய துளி தன் எடையிலேயே அடை மாதிரி அமுங்கிப் படுத்துவிடும், அப்புறம் அதை உருளுகிறது என்று சொல்வது கஷ்டம்.

மேலிருந்து விழும் துளி தட்டையாக விரிந்து, சுருங்கி, எகிறிப் போகும். எவ்வளவு வேகமாக விழுந்தாலும் தரையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய மாறாது. அந்த நேரத்தையும் குறைக்க அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கல்விநிலையத்தில் 2013ல் பரப்பின் குறுக்கே மெல்லிய வரப்பு மாதிரி ஒன்றை வைத்தார்கள். துளி அதன் மேல் விழுந்து இரண்டாகப் பிரிந்து சீக்கிரமே எழும்பியது, 12 மில்லிநொடி 8க்கும் கீழே இறங்கியது. விமான இறக்கையில் துளி உறைவதற்குள் எகிறிப் போய்விடவேண்டும் என்றால் இது சின்ன விஷயம் இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்க எவர்சில்வர் கரண்டியின் அடிப்பக்கத்தை மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள். கரி அடர்த்தியாகப் படிந்ததும் ஆறவிட்டு, சொட்டு சொட்டாகத் தண்ணீர் விடுங்கள், நிற்கவே நிற்காது. கரியைத் தொடாதீர்கள், உதிர்ந்துவிடும், துளியே கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும். (இதே மெழுகுவத்திக் கரியை அச்சாக வைத்து, மேலே சிலிக்கா பூசி, கரியை எரித்தெடுத்து, எண்ணெய்கூட ஒட்டாத பூச்சு ஒன்றை ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 2012ல் செய்தார்கள்.) கடைசியாக அதன்மேல் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். பரப்பு இழுவிசை குறைந்து, காற்று இருந்த இடத்துக்குள் இறங்கிப் பரவிவிடும். கரண்டியைக் கழுவவும் அதே சோப்புத் தண்ணீர்தான்.