ஒரே வருஷம், லாபமும் நஷ்டமும்: கம்பெனி கணக்கு கேள்வி பதில்

கேள்வி: டாடா மோட்டார்ஸ் பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன். 2018-19 ஆண்டறிக்கையைப் புரட்டினால் ஓரிடத்தில் ரூ.2,020 கோடி லாபம், இன்னோரிடத்தில் ரூ.28,700 கோடிக்கு மேல் நஷ்டம். எது உண்மை?
- வாசகர், கரூர்

இரண்டுமே உண்மைதான். லாபம் காட்டுவது தனிக் கணக்கு, இங்கே லாரியும் காரும் விற்ற கதை. நஷ்டம் காட்டுவது ஒருங்கிணைந்த கணக்கு, துணை நிறுவனங்களையும் சேர்த்துப் போடுவது. 2008-ல் ஃபோர்டிடம் 230 கோடி டாலருக்கு வாங்கினார்களே, அந்த ஜாகுவார் லேண்ட் ரோவரும் அதில் சேரும். தனிக் கணக்கில் அதைத் தேடினால் கிடைக்காது. அதைக் கையில் வைத்திருக்கும், சிங்கப்பூரில் உள்ள துணை நிறுவனத்தின் பங்குகள் என்று முதலீட்டுப் பட்டியலில் ஒரு வரியாக, போட்ட விலையில் நிற்கும். அங்கே கார் விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த வரி லேசில் அசையாது. ஒருங்கிணைந்த கணக்கிலோ அந்த வரியைத் தூக்கிவிட்டு, இங்கிலாந்துத் தொழிற்சாலை, கடன், விற்பனை என்று அத்தனையையும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அந்த வருஷம் சீனாவில் விற்பனை சரிந்தது, ஐரோப்பாவில் டீசல் காருக்கு மவுசு குறைந்தது. புத்தகத்தில் இருக்கிற மதிப்புக்கு இந்தச் சொத்துகள் இனி சம்பாதிக்காது என்று 310 கோடி பவுண்டை, நம் பணத்தில் ரூ.27,838 கோடியை, ஒரே காலாண்டில் கழித்தார்கள். அதற்காகப் பணம் எதுவும் கையைவிட்டுப் போகவில்லை. பங்கு வைத்திருப்பவர் முதலில் ஒருங்கிணைந்த கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். டிவிடெண்டுக்கும் வருமான வரிக்கும் மட்டும் தனிக் கணக்குதான்.

கேள்வி: குட்வில் என்று பல்லாயிரம் கோடி போடுகிறார்களே, அது என்ன சொத்து?
- வாசகி, மதுரை

கொடுத்த விலைக்கும் கைக்கு வந்த பொருளுக்கும் நடுவில் விழும் இடைவெளி. ரூ.100 கோடி கொடுத்து ஒரு கம்பெனியை வாங்குகிறீர்கள். நிலம், இயந்திரம், பிராண்டு எல்லாவற்றையும் இன்றைய விலைக்கு மதிப்பிட்டு, கடனைக் கழித்தால் 60 தேறுகிறது என்றால், மீதி 40 குட்வில். 2020-ல் ஹார்லிக்ஸ் கம்பெனியை இந்துஸ்தான் யூனிலீவர் இணைத்துக்கொண்டபோது இப்படி வந்தது ரூ.17,000 கோடிக்கு மேல். (அது இணைப்பு என்பதால் தனிக் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது.) பெரிய கம்பெனிகளுக்கான இன்ட் ஏஎஸ் என்ற கணக்கியல் விதிப்படி இதை வருஷா வருஷம் தேய்மானம் போட வேண்டாம், ஆனால் மதிப்பு இறங்கியிருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்தே ஆக வேண்டும். நடப்பில் அந்தச் சோதனை நிர்வாகத்தின் எதிர்பார்ப்பை நம்பித்தான் நடக்கிறது. நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

கேள்வி: திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியிடம் ஒரு நிட்டிங் கம்பெனியின் 70 சதவீதப் பங்கு இருக்கிறது. இரண்டும் பிரைவேட் லிமிடெட். ஆடிட்டர் ஒருங்கிணைந்த கணக்கு கேட்கிறார். அவசியமா?
- வாசகர், திருப்பூர்

அவசியம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 129(3) பிரைவேட் லிமிடெட்டையும் விடுவதில்லை. அந்தப் பங்கு கம்பெனி பெயரில் இல்லாமல் உங்கள் சொந்தப் பெயரில் இருந்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

70 சதவீதம்தானே என்று எல்லாவற்றிலும் 70 எடுக்காதீர்கள். நூற்றுக்கு நூறையும் சேர்த்துவிட்டு, வெளியாளின் 30 சதவீதப் பங்கைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். அப்புறம் உங்களுக்குள் நடந்த வியாபாரத்தை எடுத்துவிட வேண்டும். நிட்டிங் கம்பெனிக்கு அடக்கவிலை ரூ.8 லட்சம் ஆன துணியை உங்களிடம் 10 லட்சத்துக்குப் பில் போட்டு, மார்ச் 31 அன்று அது உங்கள் குடோனிலேயே கிடக்கிறது என்றால், அந்த 2 லட்சம் லாபம் இன்னும் லாபமே இல்லை. சரக்கும் 8 லட்சத்துக்குத்தான் நிற்கும்.

ஏப்ரலில் ஆடிட்டரிடம் போகுமுன் இரண்டு லெட்ஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டாலி பண்ணிவிடுங்கள். ஒருவர் போட்ட டெபிட் நோட்டு மற்றவர் புத்தகத்தில் ஏறாமல் இருக்கும், பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்.