மேலே நிற்பவனுக்கும் வேலை இருக்கிறது

கேள்வி: போன மாதம் எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் சினைமாடு ஒன்று விழுந்துவிட்டது. 101-க்கு ஃபோன் செய்தோம், தீயணைப்பு வண்டி வந்தது. நானும் இறங்குகிறேன் என்றேன். அந்த அண்ணன்மார் விடவில்லை, கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மாடு பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து அவர்களோடு தொண்டராகப் போக வேண்டும் என்று ஆசை. வயது 24, நீச்சல் நன்றாகத் தெரியும். "போறது உன் உசுராத்தான் இருக்கும்" என்கிறார் அப்பத்தா. வழி உண்டா?
- வாசகர், உசிலம்பட்டி அருகே

பதில்: அப்பத்தா சொல்வதைத் தட்டிவிடாதீர்கள் தம்பி. கயிற்றைக் கொடுத்து உங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். அவர்களில் ஒருவர் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தபோது மறுமுனை உங்கள் கையில் இருந்தது, அதைவிட என்ன நம்பிக்கை வேண்டும்?

நீச்சல் தெரியும் என்கிறீர்கள். கிணற்றில் ஆளைக் கொல்வது தண்ணீர் மட்டுமில்லை. பல நாள் புழங்காத கிணற்றடியில் பிராணவாயு குறைந்துபோய், காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு தேங்கி நிற்கும். உள்ளேயே டீசல் இன்ஜினை வைத்து இறைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வேறு, அதற்கு வாசனையும் கிடையாது. சாதாரணக் காற்றில் பிராணவாயு 21 சதவீதம். அது 10-க்குக் கீழே போனால், ஏறிவிடலாம் என்று நினைப்பதற்குள் நினைவு தப்பிவிடும். தூர் வார இறங்கியவர் மயங்கினார் என்று தம்பி இறங்குவார், தம்பியைத் தூக்க மாமன் இறங்குவார், மறுநாள் பேப்பரில் மூன்று பேர் என்று வரும். விளக்கை இறக்கிப் பார்க்கச் சொல்லும் பெருசுகள் உண்டு. அணைந்தால் இறங்கக் கூடாது, சரி. அணையவில்லை என்பதற்காக இறங்கலாம் என்று ஆகாது, கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது. தீயணைப்புக்காரர்களிடம் மூச்சுக்கருவி உண்டு, உங்களிடம் இல்லை.

மேலே நிற்பவனுக்கோ வேலை ஏராளம். மெயின் ரோட்டில் ஒரு ஆளை நிறுத்துங்கள், எந்த வாய்க்கால் கரையில் வண்டி திரும்பும் என்று ஊர்க்காரனுக்குத்தானே தெரியும். மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை நிறுத்தி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள். கிணறு எத்தனை அடி, படி எந்தப் பக்கம், தண்ணீருக்கடியில் பழைய குழாய் கிடக்கிறதா என்று சொல்ல ஆள் வேண்டும். கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கும் பாதாளக் கரண்டி யார் வீட்டில் இருக்கிறது என்பதுகூட உதவும். அப்புறம் அந்தக் கூட்டம்: விளிம்பில் மண் சரிந்தால் உள்ளே இருப்பவர் தலையில்தான் விழும், விலக்கிவிடுங்கள்.

ஒருமுறை வாடிப்பட்டிப் பக்கம் சிறுமலை அடிவாரத்தில், ஆடு மேய்க்கப் போன பெரியவர் இருட்டியும் திரும்பவில்லை என்று தேடப் போன இருபது பேரில் நானும் ஒருவன். எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் பேரைச் சொல்லிக் கத்தினோம், அவர் பதில் குரல் கொடுத்திருந்தாலும் கேட்டிருக்காது. கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக் காது கொடுக்க வேண்டும் என்று கூட வந்த வனக்காவலர் அதட்டிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் எங்களில் ஒரு ஆள் யாரிடமும் சொல்லாமல் வேறொரு ஓடையில் இறங்கிவிட்டார். பெரியவர் பத்து மணிக்குத் தானாகவே வீடு வந்து சேர்ந்தார், மற்ற ஆளைத்தான் விடியும்வரை தேடினோம். (அது நான்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.)

இப்படிச் சொல்வதால் ஊர்க்காரர்களால் ஆகாது என்று அர்த்தமில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கியபோது, முதலில் ஓடியவர்களில் ஊர் மக்கள் இருந்தார்கள், போர்வையில் தூக்கியும் சுமந்தார்கள். மலைப்பாதை அவர்களுக்குப் பழக்கம்.

சேர்வதற்கு வழி: ஊர்க்காவல் படை இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 12 நாள் பயிற்சி. இப்போது ஆள் எடுக்கிறார்களா என்று ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள். ஏப்ரல் 14-ல் தீத்தொண்டு வாரம் தொடங்கும், 1944-ல் அதே நாளில் பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்த வாரம் நிலையத்துக்குப் போய் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள். அப்பத்தாவையும் கூட்டிப் போனால் தப்பில்லை.

கேள்வி: தண்ணீரில் மூழ்கியவரைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்குகிறார்களே, சரியா?
- வாசகி, சோழவந்தான்

பதில்: கூடவே கூடாது. வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகத்தில் அமுக்க வேண்டும். 30 அமுக்கு, 2 ஊது, வண்டி வரும்வரை. அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் பக்கம் கால்வாயில் தண்ணீர் விடும் மாதங்களில், மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றில் நீளமாகக் கயிறு கட்டி படித்துறைக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போட்டு வையுங்கள், குதிக்காமலே வீசலாம். தண்ணீர் பிடிக்க யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.